எனக்கு எதற்கு கோச்?

கேள்வி: ஒரே நிறுவனத்தில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். போன ஆண்டுதான் குழுத் தலைவியானேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால், குழுவின் வேலை எதிர்பார்த்தபடி நகரவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் யாருமே வாய் திறப்பதில்லை. எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது மேலதிகாரி, “உங்களுக்கு ஒரு கோச் ஏற்பாடு செய்கிறோம், செலவு நிறுவனத்துடையது” என்கிறார். வருபவருக்கு எங்கள் துறையே தெரியாதாம்! எனக்குத் திறமை போதாது என்று சொல்லாமல் சொல்கிறார்களோ? போவதா, மறுப்பதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போங்கள். ஆனால், தலையாட்டிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். சில விஷயங்களைப் பேசி முடித்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மனத்தாங்கல் புதிதல்ல. கூகுளின் தலைமைப் பொறுப்பில் எரிக் ஷ்மிட் இருந்தபோது, இயக்குநர் குழுவைச் சேர்ந்த ஜான் டோயர் அவரிடம் இதே யோசனையைச் சொன்னார். ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றது. நான் என்ன தவறு செய்துவிட்டேன் என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியது. அவருக்குப் பயிற்சியாளராக அமைந்த பில் கேம்பல் பொறியாளர் அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி தந்துவிட்டு வணிக உலகத்துக்கு வந்தவர். தமக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே சிறந்தது ‘ஒரு கோச் வைத்துக்கொள்’ என்பதுதான் என்று 2009-இல் ஷ்மிட்டே சொன்னார்.

கைகழுவ நினைக்கும் ஊழியருக்காக நிறுவனங்கள் பொதுவாகப் பணத்தை இறைப்பதில்லை. (‘வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தோம்’ என்று கணக்குக் காட்டுவதற்காகச் செய்பவர்களும் உண்டு. சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தால் மேலதிகாரியிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.)

துறை தெரியாதவர் துறையைப் பற்றி ஒன்றும் சொல்லித்தர மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. தொழில் நுணுக்கம் வேண்டுமென்றால் மூத்தவர் ஒருவரைத் தேடுங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். நீங்கள் வேலை செய்யும் விதத்தை, உங்களால் பார்க்க முடியாத இடத்திலிருந்து பார்த்துச் சொல்வதற்குத்தான் பயிற்சியாளர்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். யாரும் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. நல்ல பயிற்சியாளர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து பார்த்தால், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்வார். “இந்தத் தாமதத்துக்கு என்ன காரணம்?” என்று கேட்கிறீர்கள். ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். அதற்குள், “சரி, தகவல் வந்து சேராததுதான் காரணம், அடுத்தது என்ன?” என்று நீங்களே முடித்துவிடுகிறீர்கள். உங்களுக்கு அது நீண்ட மௌனமாகப் பட்டிருக்கும். கடிகாரத்தில் ஒரு நொடி.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ இதை வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. தாமாக முன்வந்து பேசுவதும் கூடியது. 14 ஆண்டு அனுபவம் இந்தப் பழக்கத்தைத் திருத்தாது, இன்னும் இறுக்கும். பதில் உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தானே முந்திக்கொள்கிறீர்கள்!

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆட்கள் போதாததால் வேலை தேங்கியிருந்தால், அதை எந்தப் பயிற்சியாளராலும் தீர்க்க முடியாது.

குறையைச் சுட்டிக்காட்டினாலே திறன் கூடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். செயல்திறன் பற்றிய கருத்தைக் கேட்டபின் ஒருவரின் வேலை எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்த பல ஆய்வுகளை க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996-இல் தொகுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது எவ்வளவுக்குத் திரும்புகிறதோ, அவ்வளவுக்குப் பலன் குறைகிறது என்றார்கள். ஆகவே, “உங்களுக்குப் பொறுமை போதாது” என்பவரைவிட, “மூன்றாவது கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்” என்பவர் எவ்வளவோ மேல்.

பேசி முடிக்க வேண்டியவற்றில் முதன்மையானது ரகசியம். பணம் தருவது நிறுவனம். மனம் திறப்பது நீங்கள். எது மேலதிகாரியின் காதுக்குப் போகும், எது போகாது என்பதை மூவரும் உட்கார்ந்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்காகப் பயிற்சி, எவ்வளவு முன்னேற்றம் என்பது அவர் காதுக்குப் போகலாம். நீங்கள் பேசியது போகக் கூடாது. இதற்கு மேலதிகாரி மழுப்பினால் தள்ளிப்போடுங்கள்.

வருபவரின் பின்னணியையும் கேளுங்கள். கோச் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு, தன் தொடக்கநிலைச் சான்றுக்கே 100 மணி நேரம் பிறருக்குப் பயிற்சி தந்த அனுபவத்தைக் கேட்கிறது. சான்று இருந்தால் மட்டும் போதும் என்றில்லை. முன்பு பயிற்சி பெற்ற ஒருவரிடம் விசாரிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் சந்திப்புக்கு முன், குழுவினரின் சம்மதத்தோடு ஒரு கூட்டத்தை ஒலிப்பதிவு செய்துவையுங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு கணக்கு இருக்கும். முதல் இரண்டு சந்திப்புகளிலும் பயிற்சியாளரே பேசித் தீர்த்துவிட்டார் என்றால் தயங்காமல் வேறு ஒருவரைக் கேளுங்கள். அப்படி மாற்றிக்கொள்ளும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.