ஊராட்சித் திட்டத்தில் நம் கோரிக்கை இடம்பெற எப்போது பேச வேண்டும்?

"மே 1 கிராம சபையில் வடிகால் கேட்டோம், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வரவே இல்லை, பிறகு மக்களைக் கூப்பிடுவது எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரம்தான் முதல் சிக்கல். அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை அக்டோபர் 2 கிராம சபையையொட்டித் தயாரிக்கத் தொடங்குகிறார்கள் (2018 முதல் நாடு முழுக்க இதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள்), அதனால் மே மாதம் கேட்டால் அந்த ஆண்டின் பட்டியல் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அடுத்தது பணம். 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் (2021-26) 60 சதவீதம் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அதை எடுத்துச் சமுதாயக்கூடம் கட்ட முடியாது. எந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பேசினால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். எந்தத் தெரு, எத்தனை வீடு, மழைநீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

போதுமான ஆட்களும் வர வேண்டும். தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக 100 பேராவது வர வேண்டும். எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், வேலை நாளின் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம், வாயால் சொன்னது கணக்கில் வராது. தீர்மானப் பதிவேட்டில் எழுதிப் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தைத் திறந்து பார்த்தால் வடிகால் ஏறியதா என்று தெரிந்துவிடும்.