எப்ப இருந்து?

அன்புள்ள அண்ணா,
பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டு வருடமாக நெஞ்சில் எரிவு, உடம்பெல்லாம் வலி. ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். இப்போது மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "என்னைய அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்குறியா?" என்று அழுகிறார். டாக்டர் தட்டிக்கழிக்கிறாரா, அம்மா நடிக்கிறாரா? கொழும்புக்குக் கூட்டி வந்து பெரிய டாக்டரிடம் காட்டவா? அப்பா போன பிறகு அவரைத் தனியாக விட்டதும் உறுத்துகிறது.

தம்பி,

கொழும்பை அப்புறம் பார்க்கலாம். 'நடிக்கிறாரா' என்ற சொல் அம்மா காதில் விழுந்துவிடக் கூடாது. தலையில் கயிறும் முதுகில் கூடையுமாக மலை ஏறி இறங்கியவர் உங்களிடம் நடித்து என்ன வாங்கப் போகிறார்? துக்கம் நாட்பட்டு நின்றால் வலியை உணரும் நரம்புகளே கூர்மையாகிவிடும், சின்ன நோவும் சுடும். அதை ஈசிஜி காட்டாது.

எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. அப்பாயியை டவுன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். வீட்டில் கொஞ்சம் சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "நெஞ்சுக்குள்ள தணல் கெடக்குய்யா" என்றார் அப்பாயி. எனக்குத் தெரிந்தது "பப்புவ ரிதெனவா", நெஞ்சு வலிக்கிறது. எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார். "பெரியவ கோச்சி ஏறுன நாள்ல இருந்து."

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரிய அத்தை குடும்பம் ஹட்டனில் ஏறித் தலைமன்னாருக்குப் போன ரயில்தான் அந்தக் கோச்சி. ஒப்பாரிக் கோச்சி என்று நம் சனம் சும்மா பெயர் வைக்கவில்லை. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கில் அப்பாயியின் மகளும் ஒருத்தி. இதையெல்லாம் சொல்ல என்னிடம் சிங்களம் இல்லை. "ரொம்ப நாளா" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பனடோல் எழுதினார். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, "ஒன்னுமில்லையாம், ஒன்னுமில்லையாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் அப்பாயி.

உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியருக்கு அந்த 'எப்ப இருந்து'வுக்கு முழுப் பதிலை வாங்குவதுதான் பெரிய வேலை. இரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்க்காமல் எடுத்த எடுப்பில் மனசு என்று எழுதுவதும் தப்பு. உங்கள் டாக்டர் சோதித்திருக்கிறார். எல்லாம் நார்மல் என்றதும் கைகழுவி விடாமல் அடுத்த இடத்துக்கும் எழுதித் தந்திருக்கிறார். அதைத் தட்டிக்கழிப்பு என்கிறீர்களே! மாத்திரை கொடுத்தால் பைத்திய மாத்திரை என்று பயப்படவும் வேண்டாம். அமிட்ரிப்டிலின் என்று ஒன்று, மனச்சோர்வுக்கு வந்த மருந்து, குறைந்த அளவில் நாட்பட்ட வலிக்கும் கொடுக்கிறார்கள்.

அம்மாவின் வலிக்கு இரண்டு வருடம் என்கிறீர்கள். அப்பா போய் எத்தனை வருடம்? அதை டாக்டரிடம் யாராவது சொன்னீர்களா?

லீவு போட்டு நீங்களே கூடப் போங்கள். அம்மா சொல்வதை நான் சுருக்கிய மாதிரிச் சுருக்காதீர்கள். தமிழ் பேசும் டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று முதலிலேயே விசாரியுங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருங்கள். அப்பா பேச்சை உங்கள் முன்னால் அவர் எடுக்க மாட்டார்.