200 கிராமில் ஒரு வாள்: படப்பிடிப்புக்கு எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: குறும்படத்துக்கு நான்கு வாள்கள் தேவை. சண்டைக் காட்சி இருக்கிறது. மரத்தில் செய்தால் கனக்கிறது, இரண்டு டேக்கிலேயே நடிகர்களுக்குக் கை வலிக்கிறது. ஃபோம் ஷீட் என்றால் எதை, எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: ஈவிஏ ஃபோம் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் நுரை ஷீட்) வாங்குங்கள். தடிமனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், அடர்த்தியையும் கேளுங்கள். கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருந்தால் ஓரம் சுத்தமாக வெட்டுப்படும், உப்புத்தாளில் தேய்த்தாலும் பிசிறாது. அடர்த்தி தெரியாத சரக்கு என்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் சட்டென்று மறைந்தால் வாங்கலாம், பள்ளமாகவே நின்றால் வேண்டாம். யோகா மேட் பல நேரம் பிவிசி அல்லது என்பிஆர் (ஒரு செயற்கை ரப்பர்). அது கொழகொழவென்று இருக்கும். சூடு காட்டினாலும் ஈவிஏ போல வடிவம் பிடிக்காது.

6 மி.மீ. தடிமனில் 1 மீட்டர் சதுர ஷீட் ஒன்று நான்கு வாளுக்கும் போதும். ஒரு வாளுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட, 70 × 5 செ.மீ. பட்டை மூன்று; மிச்சம் கைப்பிடிக்கும் கைக்காப்புக்கும் ஆகும். உள்ளே வைக்க 6 மி.மீ. ஃபைபர் கிளாஸ் கம்பி, வாளுக்கு 86 செ.மீ. இந்தக் கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மரக் குச்சி உள்ளே முறிந்தால் கூரான சிம்பு ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இரும்புக் கம்பி வளைந்தால் வளைந்ததுதான், அடித்தால் காயமும் நிச்சயம். ஃபைபர் கிளாஸை அறுக்கும்போது ஈரத்துணி சுற்றி, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் தூள் தோலில் பட்டால் அரிப்பு அடங்காது.

நடுப்பட்டையில் கம்பி உட்காரும் அளவுக்கு நீளவாக்கில் வெட்டி எடுங்கள். கம்பி முனைக்கு 4 செ.மீ. முன்பே நின்றுவிட வேண்டும், அதன் நுனிக்கு ரப்பர் மூடி கட்டாயம். அடுத்தது காண்டாக்ட் சிமென்ட் எனும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 நிமிடம், காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பாதி வாள்கள் படப்பிடிப்பில் வாயைப் பிளக்கின்றன. பதம் வந்த பிறகு தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஒரு முனையிலிருந்து தாளை உருவிக்கொண்டே அழுத்தி வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஒட்டியதும் நடுக்கோடு போட்டு, கட்டரில் புது பிளேடு மாட்டி, இரு ஓரமும் நீண்ட இழுப்பாகச் சரித்துச் சீவுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்க்கும். 120-ஆம் எண் உப்புத்தாளில் தேயுங்கள், பிறகு 240. கடைசியாக ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி): மேற்பரப்பில் லேசான பளபளப்பு தெரிந்தவுடன் நகர்ந்துவிடுங்கள், தாமதித்தால் கொப்புளம் வரும். முடிந்த வாள் 200 கிராமைத் தாண்டாது. லேசாக இருக்கிறதே என்று முகத்தை நோக்கிக் குத்த மட்டும் விடாதீர்கள். கண்ணுக்கு ஃபோமும் ஆபத்துதான்.

கேள்வி: ஃபோம் வாளுக்கு எனாமல் சில்வர் அடித்தோம். வளைந்ததும் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. கேமராவில் பொம்மை வாள் போலவும் தெரிகிறது.

பதில்: ஃபோம் வளைகிறது, காய்ந்த எனாமல் வளையாது. அதனால்தான் வெடிப்பு. மரத்துக்குப் பூசும் பட்டியும் இதே காரணத்தால் இங்கே உதவாது. வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து மூன்று, நான்கு மெல்லிய கோட்டிங், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அதன்மேல் கறுப்பு அக்ரிலிக். சில்வரை நேரடியாக அடிப்பதால்தான் பொம்மைத்தனம் வருகிறது. பிரஷ்ஷில் துளி சில்வர் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் நீளவாக்கில் இழுங்கள். ஓரங்களில் கிராஃபைட் தூளைத் துணியால் தேய்த்தால் க்ளோஸ்-அப்பிலும் இரும்பாகத் தெரியும். மேலே மேட், அதாவது பளபளக்காத, வார்னிஷ் போதும். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் லைட் அப்படியே திருப்பி அடிக்கும்.

கேள்வி: தெர்மாகோல் கேடயத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் குழி குழியாகிவிட்டது. மட்டமான பெயிண்ட்டா?

பதில்: பெயிண்ட் மீது தப்பில்லை. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். காண்டாக்ட் சிமென்ட்டும் அதையேதான் செய்யும். வெள்ளைப் பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை மூன்று அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, இடைவெளி இல்லாமல் மூடிய பிறகு அடியுங்கள். அப்படிச் செய்தாலும் அது பின்னணியில் நிற்கும் வீரர்களுக்குத்தான். அடி வாங்கும் கேடயத்துக்கு 10 மி.மீ. ஈவிஏ வாங்குங்கள்.

கேள்வி: ரெடிமேடாக வாங்கினால்?

பதில்: எடை, உள்ளே இருக்கும் கம்பி, முனையில் கம்பி எங்கே நிற்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத விற்பனையாளரிடம் சண்டைக் காட்சிக்கு வாங்காதீர்கள். வந்ததும் முனையை அழுத்திப் பாருங்கள். விரலுக்குக் கம்பி தட்டுப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.