பழைய ஜீன்ஸைப் பிரித்துக் கார்செட் தைக்கலாமா?

வீட்டில் சாதாரணத் தையல் மெஷின்தான் இருக்கிறது, இதுவரை தலையணை உறையும் துணிப்பையும்தான் தைத்திருக்கிறேன், ஒதுக்கிவைத்த ஜீன்ஸ் ஒன்றில் கார்செட் (இடுப்பை இறுக்கிப் பின்னால் நாடாவால் கட்டும் உடை) தைத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அதைப் படித்தபிறகு பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

முடியும். ஒரே மாலையில் முடியாது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் முதல் இரண்டு வாரத்தின் உழைப்பு அப்படியே குப்பைக்குப் போனது.

முதலில் அந்த ஜீன்ஸின் உள்பக்கம் தைத்திருக்கும் சிறிய துணிச்சீட்டைப் படியுங்கள். அதில் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் (ரப்பர் போல் இழுபடும் நூல்) என்று 2 சதவீதம் போட்டிருந்தாலும் கத்திரியைக் கீழே வையுங்கள். 2 சதவீதம்தானே என்று நானும் நினைத்தேன்.

என் தோழி ஒருத்தி நாடகக் குழுவில் இருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதை. அவளுக்கு ஒரு பணக்கார விதவையின் வேடம். கார்செட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். ‘எதற்கு வாடகை? என்னிடம் பழைய ஜீன்ஸ் இருக்கிறது, தைத்துத் தருகிறேன்’ என்று வாயைக் கொடுத்தேன்.

அவள் இடுப்பு 74 செ.மீ. கார்செட்டின் துணி அளவு இடுப்பில் 64 செ.மீ. வரும்படி வெட்டினேன். பின்பக்கம் நாடா கட்டும் இடத்தில் 5 செ.மீ. இடைவெளி விட வேண்டும். ஆக, கட்டி முடித்தால் 69. இந்தக் கணக்கில் தவறில்லை. பின்னால் இருக்கும் அந்த இடைவெளி அழகுக்கானது அல்ல. உடம்பு ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது, இறுக்கவும் தளர்த்தவும் இடம் வேண்டும். என் ஜீன்ஸையே வெட்டினேன். பக்கத்துக்கு ஆறு என்று பன்னிரண்டு துண்டுகள். ஓரங்களெல்லாம் கச்சிதமாக வந்தன. உள்ளே பெயருக்கு ஒரு மெல்லிய லைனிங். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், படம்கூட எடுத்தார்கள்.

ஒத்திகையில் கட்டிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பின்பக்கத்தின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இனி இறுக்க இடமே இல்லை. துணி 5 செ.மீ. நீண்டுவிட்டது!

காரணம் நெசவில் இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் நீல நூல் பாவு, வெள்ளை நூல் ஊடை. பாவு காலின் நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை காலைச் சுற்றி வருகிறது. நெகிழும் ஜீன்ஸில் எலாஸ்டேனைப் பெரும்பாலும் ஊடையில்தான் சேர்க்கிறார்கள், உட்காரும்போது தொடையைச் சுற்றி இழுபட வேண்டும் என்பதற்காக. கார்செட்டுக்கும் முழுப் பாரமும் இடுப்பைச் சுற்றித்தான் விழுகிறது. கால் நீளவாக்கில் துண்டுகளை வெட்டும்போது, எந்தத் திசையில் துணி அசையவே கூடாதோ அந்தத் திசையில் ரப்பரை வைத்துத் தைக்கிறோம்.

‘அப்படியானால் துண்டுகளைத் திருப்பிப்போட்டு, பாவு இடுப்பைச் சுற்றி வருமாறு வெட்டலாமே’ என்று யாராவது சொல்வீர்கள். அதையும் பார்த்துவிட்டேன். காலின் இரு பக்கத் தையலையும் பிரித்தால் முன்துண்டின் அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மார்புக்குக் கீழே தொடங்கும் குட்டைக் கார்செட்டுக்கு வேண்டுமானால் போதும். மார்பையும் சேர்த்து மூடும் நீளத்துக்குக் காணாது. நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு நேராக இடுப்பில் வந்து உட்காரும். எழுதுவதற்கு எளிது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கு நடந்தது அதோடு முடியவில்லை. இரண்டாம் காட்சியில் அவள் கோபமாகத் திரும்ப வேண்டும். திரும்பினாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். நாடா நுழையும் உலோகக் கண் ஒன்று துணியை விட்டுக் கழன்று தரையில் உருண்டது. சற்று நேரத்தில் இன்னொன்று. துளையைச் சுற்றி வெள்ளை நூல்கள் கண் இமை போல் பிரிந்து நின்றன. துளையிடும் கருவியால் துணியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணைப் பதித்தது என் தவறு. வெட்டியதும் நூல் அறுந்துவிடுகிறது, பிடிப்பதற்கு எதுவும் இல்லை. குத்தூசியால் நூல்களை விலக்கி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, கண்ணின் காம்பு இறுக்கமாக நுழையும் அளவில் நிறுத்த வேண்டும். அப்போது அறுபடாத நூல்களே காம்பைச் சுற்றி நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பின்புறம் வளையம் வைத்து அடிக்கும் இரண்டு பாகக் கண்தான் வாங்க வேண்டும். காகிதத்துக்கு அடிக்கும் ஒற்றைக் கண் ஆகாது.

அன்று கையில் வேறு வழி இல்லாததால் அந்த இரண்டு துளைகளையும் பொத்தான் துளை தைப்பதுபோல் நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்தேன். 1820களில் உலோகக் கண்கள் வரும்வரை கார்செட்டுகளுக்குப் பெரும்பாலும் இதே வேலைதான், கையால். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று அசையாமல் நின்றவை அந்த இரண்டு மட்டுமே.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பதும் நெகிழும் ஜீன்ஸ்தான் என்று வைத்துக்கொள்கிறேன், இப்போது பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. தூக்கிப் போட வேண்டாம். அதை மேல்தோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தாங்குவதற்கு உள்ளே ஒரு கெட்டியான பருத்தித் துணி வேண்டும். இதற்கென்றே மீன்முள் போன்ற நெசவில் ‘கூட்டில்’ (coutil) என்று ஒரு துணி இருக்கிறது. கிடைக்காவிட்டால் மெத்தை உறைக்குப் போடுகிற நெருக்கமான பருத்தித் துணி போதும். நான் இரண்டாம் முறை பழைய மெத்தை உறையைத்தான் கிழித்தேன். உள்துணியில் இடுப்புக் கோட்டின்மேல் 2 செ.மீ. அகலமுள்ள கெட்டி நாடா ஒன்றைச் சுற்றிலும் வைத்துத் தைத்துவிடுங்கள். அந்த நாடா இழுபடாதவரை இடுப்பு இழுபடாது. மேலே ஜீன்ஸ் இருக்கிறதா, பட்டு இருக்கிறதா என்பது பிறகு பார்க்கிறவர்கள் கவலை.

இரண்டாம் முறைக்கு என் அண்ணனின் பழைய ஜீன்ஸ் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்ற சொல்லைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நூறு சதவீதம் பருத்தி, நிறுத்தி வைத்தால் தானாக நிற்கும். பிரித்தபிறகு ஜன்னலுக்கு எதிரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முட்டியும் உள்தொடையும் உட்காரும் இடமும் சல்லடை மாதிரித் தெரியும். முட்டிக்குக் கீழே உள்ள பகுதிதான் தேறும்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணனுடையதையும் என்னுடையதையும் அருகருகே பிரித்துப் போட்டிருந்தேன். அண்ணனின் முன்பக்கப் பாக்கெட்டுக்குள் என் கை மணிக்கட்டுவரை போகிறது. என்னுடையதில் நான்கு விரல்கள், அதுவும் இரண்டாவது கணுவரை. துணியை மிச்சம் பிடித்தார்களா என்றால் அதுவும் இல்லை, பாக்கெட் வாயின் தையல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, உள்ளேதான் பை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கார்செட்டின் முன்னோடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்த பெண்கள், பாவாடைக்கு உள்ளே இடுப்பில் தனியாக இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டார்கள். பாவாடையின் பக்கப் பிளவு வழியாகக் கையை விட்டால் சாவி, கத்திரி, நூல்கண்டு எல்லாம் எடுக்கலாம். மூச்சுவிடக் கஷ்டப்பட்டார்கள் என்று நாம் பரிதாபப்படும் அந்தப் பெண்களிடம் பாக்கெட் இருந்தது. என்னிடம் இல்லை. இதைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் தனிப் பதில் எழுதத் தயாராக இருக்கிறேன்.

கார்செட் மடங்காமல் விறைப்பாக நிற்க உள்ளே செருகும் பட்டைகளுக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பட்டைகளைத் திமிங்கில எலும்பு என்று எழுதுகிறார்களே, அது எலும்பே அல்ல. சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து தொங்கும், நீரைச் சலித்து இரையைப் பிடிக்கும் தகடுகள். நம் நகத்தில் இருக்கும் அதே வகைப் பொருள். நமக்கு அகலமான கேபிள் டை (ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போதும், 8 அல்லது 9 மில்லிமீட்டரில் வருகிற தடித்த ரகம். நகவெட்டியால் முனையை வளைவாக வெட்டி, ராவி, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி மழுமழுப்பாக்க வேண்டும். முதல் கார்செட்டில் நான் ராவாமல் விட்ட ஒரு பட்டை, கீழ் ஓரத்தைத் துளைத்து வெளியே வந்து தோழியின் தொடையில் கோடு போட்டது. பட்டை, அதைச் செருகும் துணிக்குழலைவிட ஒரு செ.மீ. குறைவாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. அதோடு, பின்பக்கத்துக் கண்வரிசையின் இரண்டு புறமும் ஒவ்வொரு பட்டை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் நாடாவை இழுத்ததும் விளிம்பு வில்லாக வளைகிறது.

இந்தத் துருத்தும் பட்டைக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப், மெல்லிய கவுனுக்கு அடியில் கார்செட்டின் பட்டைகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பொறுக்காமல் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைக்கச் செய்தார். 1914இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிராவின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான காப்புரிமை. அந்தப் பட்டைகளை யாராவது ஒழுங்காக ராவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

உங்கள் மெஷினைப் பற்றிய பயம் தேவையில்லை. ஜீன்ஸ் ஊசி, 16ஆம் எண். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். நான்கு மடிப்பு சேரும் இடத்தில் மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதற்கு முன்பு மேட்டைச் சுத்தியலால் நன்றாகத் தட்டித் தட்டையாக்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, சுத்தியல்தான். காணொளிகளில் இந்தக் கட்டம் வரும்போது இசையைப் போட்டு வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். ஊசி உடைவது அங்கேதான்.

நல்ல துணியை வெட்டுவதற்கு முன் ஏதாவது பழைய கெட்டித் துணியில் ஒரு மாதிரி தைத்து, கட்டிப் பார்த்து, அதோடு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நின்றபடியே அளவு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உட்காரும்போதுதான் கீழ் ஓரம் தொடையில் ஏறி, மேல் ஓரம் அக்குளை முட்டும்.

இனி திட்ட வருபவர்களுக்கு. இடுப்பை மெலிய வைக்கும் வழியாக இதை நான் சொல்லவில்லை. அவிழ்த்ததும் உடம்பு பழைய அளவுக்கு வந்துவிடும். மூச்சு முட்டினால், மரத்துப்போனால் உடனே தளர்த்த வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் முதுகெலும்பில் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். பெண்ணடிமைச் சின்னத்தைத் தைக்கச் சொல்லித் தருகிறாயே என்று ஒருவர் முன்பு எனக்கு எழுதினார். நாடகத்தில் ராஜா வேடத்துக்குக் கிரீடம் செய்பவரிடம் போய் மன்னராட்சியை ஆதரிக்கிறாயா என்று கேட்பாரா, தெரியவில்லை.

இரண்டாவது கார்செட், நாடகம் மேடையேறிய மூன்று முறையும் அசையவில்லை. பின்னால் விட்ட 5 செ.மீ. கடைசிவரை 5 செ.மீ.தான். கடைசித் துண்டுக்கு மட்டும் துணி போதாமல், பின்பாக்கெட்டைப் பிரித்துவிட்டு அதன் அடியில் இருந்த துணியில் வெட்டியிருந்தேன். பாக்கெட் மூடியிருந்ததால் அங்கே துணி தேயவில்லை, வெளுக்கவும் இல்லை. சுற்றிலும் வெளிர்நீலமாக இருக்க, நடுவில் கருநீலத்தில் பாக்கெட்டின் வடிவம் அப்படியே நின்றது. விதவையின் முதுகில் இப்படி ஒரு முத்திரை இருக்கலாமா என்று யோசித்தேன், மேலே சால்வை வரும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை மேடையேறியபோது அண்ணன் வந்திருந்தான். இரண்டாம் காட்சியில் அவள் கோபமாகத் திரும்பியபோது சால்வை நழுவியது. இருட்டில் என் காதருகே அண்ணனின் குரல் கேட்டது: “அது என் பாக்கெட்.”