எழுந்து போகிற இடம்

அன்புள்ள சார்,

சேலம் குகையில் இருக்கிறேன். வயது 29. தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. தாத்தா வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்தவர். அவரை வைத்து ஒரு நாவல் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. 41 பக்கத்தில் நிற்கிறது.

வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஹாலில் அம்மாவின் சீரியல், ஆறரைக்குத் தொடங்கினால் பத்து வரைக்கும். தனி அறை கிடையாது. அது இல்லாத நேரத்தில் எனக்கு டென்னிஸ். காலையில் விளையாடப் போவேன், இரவில் போனில் பார்ப்பேன். கிராண்ட்ஸ்லாம் வந்துவிட்டால் பேனாவைத் தொடுவதே இல்லை. தாத்தா பட்டறையில் அன்றைய வேலையை முடித்ததும் பாட்டி தரையைக் கூட்டி, அந்த மண்ணை ஒரு பால் டப்பாவில் சேர்த்து வைப்பார். அதில் வெள்ளித் தூள் இருக்கும். இப்படி நிறைய மனதில் ஓடுகிறது, தாளில் வரவில்லை. ஒரு மாதம் லீவு போட்டு ஏற்காட்டில் அறை எடுத்து எழுதி முடித்துவிடலாமா? டென்னிஸை விட்டுவிடட்டுமா?

(பெயர் வேண்டாமே)
குகை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

டென்னிஸை விடச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. 2008 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டன் இறுதி ஆட்டம். மறுநாள் காலை ஒரு பத்திரிகைக்குக் கதை கொடுத்தாக வேண்டும். முதல் செட் மட்டும் என்று உட்கார்ந்தேன். நடால் இரண்டு செட் எடுத்தார். அடுத்த இரண்டையும் ஃபெடரர் டைபிரேக்கரில் பிடுங்கினார். நடுவில் லண்டனில் மழை வேறு. ஆட்டம் நின்றிருக்கும்போதாவது எழுதியிருக்கலாம் அல்லவா? மைதானத்தை மூடி வைத்த தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது செட் 9-7. ஆடிய நேரம் மட்டும் 4 மணி 48 நிமிடம். நடால் புல்லில் மல்லாந்தபோது இங்கே இரவு ஒன்றே முக்கால். கதை போகவில்லை. இன்றுவரை வருத்தமும் இல்லை.

ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். கிராண்ட்ஸ்லாம் வருடத்துக்கு நான்கு, ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். எட்டு வாரம் போனால் மிச்சம் 44 வாரம். அதில் உங்களை யார் தடுத்தார்கள்? சீரியல் என்பீர்கள்.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நான் அம்மாப்பேட்டையில் குடியிருந்தேன். பாதி நாள் கரண்ட் இருக்காது. சீரியல் கிடையாது, மேட்ச் கிடையாது, போன் சார்ஜும் கிடையாது. கவனத்தைக் கலைக்கிற சாமான்கள்தான் இலக்கியத்துக்கு எதிரி என்றால், அந்த வருடம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு நாவல் வந்திருக்க வேண்டும். நான் எழுதியது என்னவோ மளிகைக் கணக்குதான். அதைவிட வேடிக்கை, பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறி. காலையிலிருந்து தடக் தடக். அந்தச் சத்தத்தால்தான் எழுத முடியவில்லை என்று எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். கரண்ட் போய் தறி நின்றதும், ஏதோ மணி அடித்த மாதிரி நான்தான் முதலில் எழுந்து வாசலுக்குப் போவேன்.

ஏற்காட்டுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, டிவி இல்லாத அறையாகக் கேட்டு வாங்கினேன். ஏப்ரல் மாதம். கோடை மழை பெய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல ஒரு வாசனை. அப்புறம் ஜன்னலில் குரங்கு. பத்து நாளில் மூன்று பக்கம். அதில் இரண்டு பக்கம் காப்பிப் பூவைப் பற்றி. நாவலோ விசைத்தறிக் குடும்பத்தைப் பற்றியது.

திரும்பி வந்து வெறுப்பில் ஒரு காரியம் செய்தேன். எழுந்து போகிற ஒவ்வொரு முறையும், நோட்டின் ஓரத்தில் நேரத்தைக் குறித்து, கடைசியாக எழுதிய வரிக்கு அடியில் ஒரு கோடு. தண்ணீர் குடிக்க, மோட்டார் போட, ஸ்கோர் பார்க்க, எதற்கானாலும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், கோடுகளில் பாதிக்கு மேல் ஒரே காட்சிக்குப் பக்கத்தில் கிடந்தன. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற இரவு. கதையில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொள்வது அங்கேதான். நான் அந்த வாசலில் ஆறு வருடம் குடியிருந்தவன், ஒருநாளும் பாவு பிணைப்பதைப் பார்த்ததில்லை. பேனா அங்கே வந்ததும் எனக்குத் தாகம் எடுத்திருக்கிறது!

போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். பழைய இழையின் நுனியோடு புது இழையை விரலால் முறுக்கிச் சேர்க்கிறார்கள். ஒன்று, இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில். கண் அதில் இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. மணிக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசுகிறார்கள். என் அண்ணன் தம்பி ஏன் எதிரெதிரே நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று வெட்கமாகிவிட்டது. அடுத்த இரண்டு இரவில் பதினோரு பக்கம் வந்தது, தறிச் சத்தத்தோடு.

எல்லாக் கவனச் சிதறலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பாதி நாள் வெறும் அலுப்புதான். வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதன் சாய்ந்து உட்காரத்தான் செய்வான். போன் வேறு ரகம், அதை எழுதுகிற நேரத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எழுந்து நடப்பதில் குற்றமில்லை. இரண்டு பாயிண்டுக்கு நடுவே ஆட்டக்காரருக்கு 25 நொடி உண்டு. துண்டை எடுக்கலாம், ராக்கெட்டின் நரம்பைச் சரிசெய்யலாம். தாண்டினால் நடுவர் எச்சரிப்பார். நமக்கு அந்த நடுவர் இல்லாததுதான் கஷ்டம்.

சரி, உங்கள் 41-ஆம் பக்கத்தில் தாத்தா என்ன செய்துகொண்டிருக்கிறார்? வேலை செய்ய உட்கார்ந்திருக்கிறார் என்பது என் ஊகம். கடிதத்தில் பாட்டியின் கை தெரிகிறது, தாத்தாவின் கை தெரியவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறைக்கா பஞ்சம்? கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று இருக்கும். ஒரு மாத லீவெல்லாம் வேண்டாம், நான்கு நாள் போட்டு அங்கே போய் உட்காருங்கள். ஏற்காட்டுக்கு அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் இரவு 8.52. ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன், வந்தது நான்கு பக்கம். அதில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. பால் டப்பா நிறைந்த பிறகு அந்த மண்ணை யார் வந்து வாங்கிப் போவார்கள், பாட்டி எவ்வளவு கேட்பார்? அதை எழுதி அனுப்புங்கள்.