அடைக்கோழியின் முட்டையையே அடை வைக்கலாமா?

கேள்வி: 12 நாட்டுக்கோழி, 2 சேவல் வைத்திருக்கிறேன். 12, 13 முட்டை இட்டதுமே எல்லாம் அடை படுத்துவிடுகின்றன. குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்கு வந்தாலும் அதே கதைதான். முட்டையைக் கூட்ட என்ன வழி?
– வாசகி, மணப்பாறை

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள்: எந்தக் கோழியின் முட்டையை அடை வைக்கிறீர்கள்? பெரும்பாலும், அடை படுத்த கோழிக்கு அடியில் அது இட்ட முட்டையையே விட்டுவிடுகிறோம். இப்படிச் செய்தால், சீக்கிரம் அடை படுக்கிற குணம்தான் வருஷா வருஷம் பெருகும். அடைக்கோழி அடை காக்கட்டும். முட்டை மட்டும் நன்றாக இடுகிற கோழியுடையதாக இருக்கட்டும்.

அந்தக் கோழியைக் கண்டுபிடிக்க, காலில் ஆளுக்கொரு நிற வளையம் மாட்டுங்கள். காலையில் கூடு திறக்கும்போது வழக்கம்போல் தடவிப் பார்த்து, முட்டை இருப்பதைக் காலண்டரில் குறியுங்கள். ஆறு மாதமாவது குறிக்க வேண்டும். ஆசனவாய்க்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால், கோழி இப்போது முட்டை இட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரலே நெருக்கினால் இல்லை. ஆனால் வருஷத்துக்கு எத்தனை இடும் என்பதை விரல் சொல்லாது, காலண்டர்தான் சொல்லும்.

சேவலை உயரமும் கொண்டையும் பார்த்து எடுப்பது சண்டைக்குச் சரி. முட்டைக்கு, அதன் தாய் எப்படி இட்டது என்பதுதான் கணக்கு. உங்கள் நல்ல கோழியின் மகனை அதே கூட்டத்தில் விடாமல், இப்படிக் குறித்து வைக்கும் வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ரத்த உறவில் சேர்த்தால் பொரிப்பு குறையும். பழைய சேவலை அகற்றி மூன்று வாரம் கழித்தே அடைமுட்டை எடுங்கள். அதன் விந்து கோழியின் உடம்பில் அதுவரை தங்கும்.

அடைமுட்டையைக் கழுவாமல், கூர்முனை கீழாக, நிழலில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கோடையில் ஐந்து நாள் போதும்.

குஞ்சு வேண்டாத நேரத்தில் அடையைக் கலைக்க மூக்கில் இறகு செருகுவதும், தண்ணீரில் முக்குவதும் வீண் வதை. கம்பிவலை அடித்தளம் கொண்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தீனி, தண்ணீரோடு கோழியை மூன்று, நான்கு நாள் உள்ளே விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டு, சூடு தணிந்து அடை கலையும்.

கேள்வி: கிராமப்பிரியா கோழியின் முட்டையைப் பொரிக்க வைத்தால் குஞ்சும் தாய் மாதிரியே இடுமா?
– வாசகர், தேனி

பதில்: இடாது. அது வெவ்வேறு கோழி வம்சங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினம். அடுத்த தலைமுறையில் குணம் சிதறி, ஒன்று நன்றாக இடும், ஒன்று ஏமாற்றும். குஞ்சை ஒவ்வொரு முறையும் பண்ணையில் வாங்குவதே லாபம்.