ஹோண்டா நிறுவனர் இன்ஜினியரிங் படித்தவரா?

இல்லை. சொய்ச்சிரோ ஹோண்டா 1906-ல் ஜப்பானின் ஹமமாட்சு பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், சைக்கிளும் பழுது பார்ப்பார். ஊருக்குள் முதன்முதலாக வந்த காரின் பின்னால் ஓடி, அது தரையில் சிந்திய எண்ணெயை முகர்ந்து பார்த்த பையன் இவர். 1922-ல் டோக்கியோவில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது!

1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமமாட்சுவில் திறந்தார். நன்றாகவே ஓடியது. அப்புறம் பிஸ்டன் ரிங் (இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி உட்காரும் உலோக வளையம்) செய்யக் கிளம்பினார், அங்கேதான் இடித்தது. வார்த்த ரிங் எதுவும் தேறவில்லை. விசாரித்தால், உலோகத்தில் சிலிக்கான் போதவில்லை. முப்பது வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார், பரீட்சை மட்டும் எழுதவில்லை. டொயோட்டாவின் சோதனைக்குப் போன 50 ரிங்குகளில் தேறியவை மூன்றே. ஆக, இவரைப் பற்றி 'எல்லாம் தானாகவே கற்றார்' என்று சொன்னால், அது பாதி உண்மைதான்.

போருக்குப் பின், 1946-ல், ராணுவ ரேடியோவுக்கு மின்சாரம் தந்த குட்டி இன்ஜின் ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் டேங்க்? குளிருக்குப் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் குடுவை. 1948-ல் ஹோண்டா மோட்டார் பிறந்தது. விற்பனை, வரவு செலவு இவருக்கு ஒத்துவராது. 1949-ல் வந்த தக்கேயோ ஃபுஜிசாவா அதைப் பார்த்துக்கொண்டார். என்னைக் கேட்டால், இவர் எடுத்ததிலேயே கெட்டிக்காரத்தனமான முடிவு அதுதான்.